பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

(ஊழியர் நலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, என்னைப் பற்றி எனக்கே தெரியாத பெருமைகளையெல்லாம் சொல்லி அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மனிதவள மேலாளர்களே, வேலை முடிந்த கையோடு முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். மைக்கை மூன்று முறை சரிசெய்து கொடுத்த தம்பியை விட்டுவிட்டால் அது அநியாயம். தலைப்பே நியாயம்தான். தம்பி, உங்களுக்கும் வணக்கம்.

வேலையிடத்து நியாயத்தை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற பங்கீடு ஒன்று. அதை எப்படி முடிவு செய்தார்கள் என்ற நடைமுறை இரண்டு. முடிவை எந்த முகத்தோடு சொன்னார்கள் என்ற நடத்தை மூன்று. மூன்றையும் வரிசையாகப் பேசுவதாகச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

பங்கீட்டை எங்கள் பாட்டி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு." சுண்ணாம்பு விழுந்த கண் எரியும், சரி. வெண்ணெய் வைத்த கண்ணுக்கும் பார்வை மங்கும் என்பது என் கட்சி. குரங்குக்கே இது தெரிகிறது. சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் 2003இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்த கப்புச்சின் குரங்குகள் பல, தங்களுக்குத் தந்த வெள்ளரித்துண்டை வாங்க மறுத்தன.

இரண்டாவது, நடைமுறை. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஷிஃப்ட் பட்டியல் மேற்பார்வையாளரின் டைரிக்குள் இருக்கும். டைரி மேஜை இழுப்பறைக்குள். சாவி அவர் இடுப்பில். சனிக்கிழமை மாலை நாங்கள் வரிசையில் நிற்போம். அவர் டைரியை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து, எட்டிப் பார்த்து, "உனக்குப் பகல்... உனக்கு நைட்" என்பார். சீட்டாட்டக்காரர்கூட அப்படி மறைக்க மாட்டார்.

எங்களோடு ஒரு அண்ணன். தொடர்ந்து ஆறு வாரம் அவருக்கு நைட். ஏன் என்று கேட்கவும் பயம். பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை. "அன்றைக்கு நான் வணக்கம் சொல்லாமல் போனதாலோ? லீவு கேட்டதாலோ?" என்று கூரையைப் பார்த்துக் கணக்குப் போடுவார். வீட்டில் எரிச்சல், எங்களிடம் மௌனம். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னோம்.

ஒருநாள் மேற்பார்வையாளர் விடுப்பு. இழுப்பறையைப் பூட்ட மறந்திருந்தார். திறந்தோம், தப்புதான். முதல் வாரப் பக்கத்தில் எங்கள் பெயர்கள், எதிரே பகல், நைட் என்று அழகான கையெழுத்து. அண்ணன் பெயர் நைட்டில். அடுத்த வாரப் பக்கத்தைப் புரட்டினோம். பக்கத்தின் நடுவே ஒரே ஒரு சொல்: "மேற்படி." அதற்கடுத்த வாரம்? மேற்படி. ஆறாவது வாரம் வரை மேற்படி! பகையுமில்லை, பழிவாங்கலுமில்லை. மனிதருக்கு எழுதச் சோம்பல். அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, "என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு மேற்படியாடா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கண்ணில் விழுந்தது வெண்ணெயா சுண்ணாம்பா என்றுகூடத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இன்னும் கொடுமை. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், சம்பள முறை மாறி வருமானம் குறைந்த செவிலியர்களைப் பற்றி 2006இல் எழுதினார். அவர்களுக்குத் தூக்கமின்மை கூடியது. ஆனால் ஊழியர்களிடம் மரியாதையாகப் பேசவும் காரணத்தை விளக்கவும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் பாதிப்பு குறைவு. குறைந்த சம்பளம் குறைந்தபடியேதான் இருந்தது, கவனியுங்கள். மருத்துவர் அம்மா இதயத்தைப் பற்றிச் சொன்னார்கள். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வரும் இரண்டாவது வொயிட்ஹால் ஆய்விலும், தங்களை நியாயமாக நடத்துகிறார்கள் என்று சொன்ன ஆண்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது.

ஆகவே என் பழைய கோரிக்கைக்கு வருகிறேன். முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது, ஆமாம், அதேதான். ஷிஃப்ட் பட்டியல் 14 நாள் முன்னதாகச் சுவருக்கு வர வேண்டும். எல்லோர் பெயரும், சென்ற மாதம் யார் எத்தனை நைட் பார்த்தார் என்ற கணக்கும் அதில் இருக்க வேண்டும். "திடீரென்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று மேலாளர்கள் கேட்கிறார்கள். சரி, மாற்றுங்கள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். இதற்கு மென்பொருள் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். நான்கு குண்டூசி போதும். பதவி உயர்வுக்கும் இதே கதைதான், அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது தலைப்பு, நடத்தை. தலைவர் அவர்களின் கை மணியை நோக்கிப் போய்விட்டது. அவரும் நியாயஸ்தர், எனக்கு ஏற்கனவே ஐந்து நிமிடம் அதிகம் தந்துவிட்டார்.

வாசலருகே மேஜையில் கோரிக்கைத் தாள் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பெயர், பிரிவு, தேதி. முன்னால் எழுதியவருக்குக் கீழே "மேற்படி" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வணக்கம்.