பாட்டிக்கும் இடமுள்ள விழா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அயர்லாந்துப் பெண்களையும் அவர்களது மரபையும் உண்மையாகக் கொண்டாடுவது ட்ரலீ நகரில் ஓர் இளம்பெண்ணை ‘ரோஜா’வாகத் தேர்ந்தெடுக்கும் ட்ரலீ ரோஜா விழாவா, பிப்ரவரி முதல் தேதி வரும் புனித பிரிஜித்தின் திருநாளா? நான் பிரிஜித்தின் பக்கம்.

ட்ரலீ விழா 1959 முதல் நடக்கிறது, கடல் கடந்துபோன ஐரிஷ் குடும்பத்துப் பெண்களை ஆகஸ்ட் மாதம் தாய்மண்ணுக்கு அழைத்து வருகிறது, அது வெறும் அழகிப் போட்டி அல்ல என்றார் எதிரணித் தோழி. சரி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே நீச்சலுடை கிடையாது; பேச்சு, பாட்டு, நடனம்தான். ஆனால் யாரை உள்ளே விடுகிறார்கள்? 2022-க்கு முன்பு, திருமணமான பெண் அந்த மேடை ஏறவே முடியாது. விதியைத் தளர்த்திய அந்த ஆண்டிலும் வயது வரம்பு 29-ஐத் தாண்டவில்லை. கல்யாணம் ஆனதும் அரசு வேலையை விட்டுவிட வேண்டும் என்று 1973 வரை பெண்களை வீட்டுக்கு அனுப்பிய நாடு அது. பெண்களுக்கான விழாவுமா அதே கணக்கைப் போட வேண்டும்?

மார்கரெட் கசின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ராஸ்காமன் பகுதியில் பாயில் என்ற ஊரில் பிறந்தவர். 1908-இல் டப்ளினில் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதற்காகச் சிறைக்கும் போனார். 1917-இல் நம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தபோதும் முன்னால் நின்றார். டப்ளின் சங்கம் தொடங்கும்போதே அவருக்குத் திருமணமாகியிருந்தது, வயதும் முப்பதை ஒட்டியிருந்தது. ட்ரலீ விதிப்படி அவர் தகுதியற்றவர்!

பிரிஜித் யார்? அயர்லாந்தின் கில்டேர் என்ற ஊரில் இருந்த கிறிஸ்தவ மடத்தின் தலைவி. மடத்துக்கு நிலம் கேட்டபோது, "உன் மேலங்கி மூடும் அளவு எடுத்துக்கொள்" என்றானாம் மன்னன். விரித்த அங்கி குர்ரா சமவெளி முழுவதையும் மூடியது என்பது மக்கள் சொல்லும் கதை. கேட்டு வாங்கிய பெண், நடுவர் அவர்களே! அதே பெயரில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வமும் உண்டு: கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் உரியவள். கில்டேரில் பிரிஜித்தின் பெயரால் காக்கப்பட்டு, பின்னர் அணைந்துபோன நெருப்பை 1993-இல் கன்னியாஸ்திரீகள் மறுபடி ஏற்றினார்கள். 2023 முதல் பிரிஜித் திருநாளுக்காக அரசு விடுமுறை உண்டு. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை அதுதான்.

பிப்ரவரி முதல் தேதிக்கு முந்தின இரவில் பேத்தியும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து கோரையில் பிரிஜித் சிலுவை முடைகிறார்கள். பாட்டிக்கு ட்ரலீயில் எங்கே இடம் என்று எதிரணி சொல்லட்டும். பார்வையாளர் வரிசையைக் காட்டாதீர்கள், மேடையில் காட்டுங்கள். நன்றி.