அந்த உயரத்தில் காற்று எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். அடையாளம் தெரியாத பொருள் ஒன்று வானத்தில் பறந்தது என்று செய்தி வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: அந்த உயரத்தில் காற்று எப்படி இருந்தது? வீட்டில் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள்.

இந்தப் பழக்கம் ஒரு நண்பரால் வந்தது. ஒரு மாலை, மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டார். மேகமெல்லாம் மேற்கே போகிறது, ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கிழக்கே போகிறது. “காற்றை எதிர்த்துப் போகுதுய்யா, உள்ளே கண்டிப்பா இன்ஜின் இருக்கு!” என்று சத்தியம் செய்தார். பைனாகுலரில் பார்த்தேன். தாழ்ந்த மேகங்களின் இடைவெளியில், வெகு உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள். அவையும் கிழக்கேதான் நகர்ந்தன, புள்ளியோடு சேர்ந்து. அது பலூன். கீழே ஒரு காற்று, மேலே வேறொரு காற்று. நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது தனிக்கதை.

சரி, பிரபலமான ஒன்றுக்கு வருவோம். 2015இல் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த ‘கோ ஃபாஸ்ட்’ வீடியோ. ஒரு பொருள் கடலை உரசிக்கொண்டு சீறிப் பாய்வதுபோல இருக்கும். நாசா அமைத்த ஆய்வுக் குழு, திரையில் தெரிந்த எண்களை வைத்தே 2023இல் கணக்குப் போட்டுக் காட்டியது. விமானம் 25,000 அடியில். பொருள் கடலை ஒட்டி இல்லை, சுமார் 13,000 அடியில்! 22 விநாடியில் அது நகர்ந்தது ஏறக்குறைய 390 மீட்டர். மணிக்கு 64 கிலோமீட்டர்தான். அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் வீசுவது சகஜம். பாய்ந்தது விமானம். ரயில் ஜன்னலில் பக்கத்து மரம் பின்னால் ஓடுவதுபோல, விமானத்தின் வேகம் பொருளின் கணக்கில் ஏறிவிட்டது.

இன்னும் மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் சிக்கிய பலூன் தரையிலிருந்து பார்த்தால் பறக்கிறது. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை சும்மா நிற்கிறது. அதே காற்றில் ஒரு பொருள் தரையிலிருந்து பார்க்க அசையாமல் நின்றால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்! ஏதோ ஒன்று அதை உந்தியாக வேண்டுமே.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்குப் பின்னால் கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும். உலகெங்கும் வானிலை நிலையங்கள் பொதுவாக நாளுக்கு இரு முறை பலூன் விட்டு மேல்காற்றை அளக்கின்றன. அன்றைய அளவு கிடைக்கும். ஆனால் பொருளின் உயரம் தெரியாவிட்டால், அதன் வேகத்திலிருந்து எந்த அடுக்கின் காற்றைக் கழிப்பது? தூரத்தை வைத்து உயரத்தைக் கணிப்பது பற்றியும் பேச நினைத்திருந்தேன். அது இன்னொரு நாள். வணக்கம்.