விதை ஒன்று போட்டால்

(கல்லூரி ஒன்றில் மாணவர்களின் கணினி ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட கணினித் துறைத் தலைவர் அம்மா அவர்களே, 'இதோ வந்துகொண்டிருக்கிறார்' என்று அரைமணி நேரமாக அறிவிக்கப்படும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் ஏரிக்கரைத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றி. அடுத்த முறை இதற்குப் பதில் ஒரு மண்வெட்டி போர்த்தினால் இன்னும் மகிழ்வேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். இந்தக் கலை எங்கிருந்து முளைத்தது. நம் வாசலுக்கும் அதற்கும் என்ன உறவு. இந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம். நேரம் இருந்தால் மூன்றும்.

என் அப்பா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்வார்: 'விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?' என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அதிகம் சொல்லியிருக்கிறார். இன்று முதல் அறையில் ஒரு மாணவி திரையில் மரம் வளர்த்துக் காட்டினாள். பொத்தானை அழுத்த அழுத்த வேறு வேறு மரம். "முதலில் வந்த மரம் திரும்பவும் வருமா?" என்று கேட்டேன். "சீட் நம்பர் 41 கொடுத்தா இலை பிசகாம அதே மரம் வரும் சார்" என்றாள். சீட் என்றால் விதை! அப்பா கணினியைத் தொட்டதே இல்லை. ஜெனரேட்டிவ் ஆர்ட் என்று பேனரில் போட்டிருக்கிறீர்கள். நான் விதைக்கலை என்றே சொல்லப்போகிறேன். கலைஞன் படத்தை வரைவதில்லை. விதியை எழுதி விதையைப் போடுகிறான், படம் தானாக வளர்கிறது.

அந்த மரத்துக்குப் பாட்டன் ஒரு பாசி. ஹங்கேரியில் பிறந்த உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், பாசி போன்றவற்றின் செல்கள் பிரிந்து நீளும் விதத்தை எழுதிக்காட்ட 1968இல் ஒரு முறை வகுத்தார். கரும்பலகை இல்லை, காதால் கேளுங்கள். 'அ' வந்தால் 'அஆ' என்று மாற்று. 'ஆ' வந்தால் 'அ' என்று மாற்று. அவ்வளவுதான் சட்டம். அ. அஆ. அஆஅ. அஆஅஅஆ. எழுத்துகளை எண்ணுங்கள்: 1, 2, 3, 5. அடுத்து 8, 13. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது. எழுத்துகளைக் கோடாகவும் கிளையாகவும் வரைந்தால் மரம். சூரியகாந்திப் பூவின் நடுவட்டச் சுருள்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 34, 55 என்று இதே வரிசையில் நிற்கும். சிறுத்தையின் புள்ளிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1952இல் கணினி முன்னோடி ஆலன் டூரிங் எழுதியது. அடுத்த அறையில் மாட்டியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாசல். என் பழைய மாணவன் ஒருவன் சிக்குக்கோலம் போடும் நிரல் எழுதினான். ஒரு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் வாடிக் கிடந்தது. "சார், ஒரே இழையா வரணும். நாலு தனித்தனி இழையா வருது. மூணு நாளா தப்பு எங்கேன்னு தெரியலை." எனக்கும் தெரியவில்லை. நான் தாவரவியல் வாத்தியார்; முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டேன். அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"நேர்ப்புள்ளி எத்தனைக்கு எத்தனை வெச்சே?"

"நாலுக்கு நாலு ஆச்சி."

"நாலுக்கு நாலு வெச்சா நாலு இழைதான்டா விழும். அஞ்சுக்கு நாலு வெச்சுப் பாரு."

வைத்தான். ஒரே இழை, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முட்டியது. பையன் அசந்துபோனான். "ஆறுக்கு நாலு வெச்சா ஆச்சி?" கீரையிலிருந்து தலையே தூக்காமல் "ரெண்டு" என்றார். தட்டிப் பார்த்தான், ரெண்டு. "ஒன்பதுக்கு ஆறு?" "மூணு. போய்ச் சாப்பிடு." மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என் அம்மா. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. அதை மீப்பெரு பொது வகுத்தி என்று சொல்லியிருந்தால் ஏதோ லேகியம் என்று நினைத்திருப்பார். மறுநாள் பையன் கோலப்பொடி பாக்கெட்டோடு வந்து வாசலில் போட்டுக் காட்டினான். கோலம் பிரமாதம். அம்மா பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது கல்லுமாவு. எறும்பு என்னத்தைத் திங்கும்?"

அவன் எழுதிய நிரலில் எறும்புக்கு இடமே இல்லை, பாருங்கள்.

இந்த வாசல் கணக்கை ஆய்வுலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் நம்மவர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருதிவாசன். 1974இல் கோலத்துக்கே இலக்கணம் எழுதினார்கள். பாசிக்காகப் பிறந்த லிண்டன்மேயர் முறையிலும் பிறகு கோலம் போட்டுக்காட்டப்பட்டது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? பாசியும் கோலமும் ஒரே விதைக்குடும்பம்.

(இந்த இடத்தில் நகர்மன்றத் தலைவர் வந்தார். எழுந்து நின்று வணங்கி, எனக்குப் போர்த்திய சால்வையையே அவருக்குப் போர்த்தினேன்.)

ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீர்கள். மூன்றாவது அறையில் ஒரு தம்பி பறவைக்கூட்டம் பறக்கவிட்டிருக்கிறார். 1987இல் கிரேக் ரெனால்ட்ஸ் என்பவர் வெளியிட்ட மூன்று விதிகள்தாம் அதற்கு அடிப்படை. பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தைவிட்டு விலகாதே. கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. மேடையில் இருப்பவர்கள் மன்னிக்கவும். படத்துக்குச் 'சூறைக்குருவி' என்று பெயர். அந்தக் குருவி மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. சாயங்காலம் அடையப்போகும் முன் வானத்தில் புகைபோலச் சுருண்டு விரியும். "நேரில் பார்த்திருக்கிறீர்களா தம்பி?" என்று கேட்டேன். "யூடியூப்ல பார்த்தேன் சார்" என்றார். இந்த மேடையிலிருந்து எங்கள் ஏரி ஒன்றரை கிலோமீட்டர்.

தம்பியைக் குறை சொல்லவில்லை. வந்தாலும் என்னத்தைப் பார்ப்பார்? வடக்கு மதகை ஒட்டி நாணல் இருந்த இடத்தில் உடைந்த டைல்ஸும் செங்கல்லும் கிடக்கின்றன. ராத்திரி லாரி வருகிறது. மனுக்கொடுத்த தேதிகள் என் டைரியில் இருக்கின்றன. இது திறப்பு விழா, வாசிக்க மாட்டேன். சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறியது. எங்களுக்குப் பட்டியல் எல்லாம் வேண்டாம், லாரி நின்றால் போதும். இடித்த கட்டடத்தைக் கொண்டுவந்து போட்டால் குருவியா முளைக்கும்? விதை ஒன்று போட்டால்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்தத் தம்பியின் திரையில் ஒரு பட்டை இருக்கிறது. இழுத்தால் ஐந்நூறு பறவை, இன்னும் இழுத்தால் ஆயிரம். அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள் தம்பி. ஞாயிறுதோறும் நாங்கள் ஏரியில் பறவை எண்ணுகிறோம். அந்த எண்ணை உங்கள் நிரலில் போடுங்கள். நாற்பது எண்ணினால் திரையில் நாற்பது பறக்கட்டும். ஒன்றும் இல்லாத வாரம் திரை வெறும் வானமாக இருக்கட்டும். அதை நகராட்சி அலுவலக வாசலில் வைக்க, தலைவர் ஐயா, உங்கள் அனுமதி வேண்டும். தலையசைத்தார், எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது செய்தி பாக்கி இருக்கிறது. தொகுப்பாளர் இரண்டாவது துண்டுச்சீட்டும் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை ஆறரை, வடக்கு மதகு. மண்வெட்டி நான்கு இருக்கிறது, இன்னும் ஆறு தேவை. செருப்புப் போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். டைல்ஸ் காலைக் கிழிக்கும். வணக்கம்.