இரண்டு வாசல் வைத்த வீடு

எல்லோருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரியில் கிளம்புகிற திருக்குறள் எக்ஸ்பிரஸ் எங்கே போய் நிற்கிறது? ஹஜ்ரத் நிஜாமுதீனில். வள்ளுவர் பெயரில் ஏறி, ஒரு சூஃபி ஞானியின் பெயரில் இறங்குகிறோம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான், அவர் அடங்கியிருக்கும் தர்கா. இன்று அவரை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் சூஃபிகளை அன்பின் தூதர்கள் என்றார். மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லி ஒரு சால்வையைப் போர்த்திவிட்டால் அவர்கள் அரசியலுக்கு வெளியே நின்றவர்கள் போலத் தோன்றிவிடும். நிற்கவில்லை. நிற்கவும் விடவில்லை.

நிஜாமுதீன் அவுலியா பதாயூனில் பிறந்தவர். இளைஞராக இருக்கும்போது அஜோதனுக்குப் போய் பாபா ஃபரீதின் சீடரானார். இன்றைக்குப் பாகிஸ்தான் பஞ்சாபில் பாக்பத்தன் என்கிறோமே, அந்த ஊர். பாபா ஃபரீதின் மடத்தில், அதாவது கான்காஹ்வில், சமையல் என்றால் பெரும்பாலும் முள்செடியில் பறித்த காட்டுக்காயை வேகவைப்பதுதான். ஒருநாள் சமையல் முறை நிஜாமுதீனுக்கு வந்தது. வீட்டில் உப்பு இல்லை. பக்கத்து மளிகைக் கடையில் கொஞ்சம் கடனாக வாங்கிப் போட்டுவிட்டார். குரு கிண்ணத்தில் கைவைத்தார், எடுத்துவிட்டார். கை கனக்கிறது, இதில் ஏதோ இருக்கிறது என்றார். விசாரித்தால் உப்புச் சங்கதி வெளியே வந்தது. நாக்கு ருசிக்காகக் கடன் வாங்குவதைவிடப் பட்டினி கிடந்து சாகலாம் என்று சொல்லி, அந்தச் சாப்பாட்டை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு சிட்டிகை உப்பு! எனக்கே முதலில் படித்தபோது இது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மளிகைக்காரரிடம் உப்புக்குக் கடன்படாதவர் சுல்தான் மானியமாகத் தரும் கிராமத்துக்குக் கடன்படுவாரா?

அப்புறம் டெல்லி. யமுனைக் கரையில் கியாஸ்பூர் என்ற சிற்றூரில் நிஜாமுதீன் தங்கினார். கேட்காமல் வருகிற காணிக்கையை மட்டும் வாங்குவார். வாங்கியது தங்காது, அன்றாடம் போய்விடும். வெள்ளிக்கிழமை சரக்கறையைத் துப்புரவாகக் கூட்டிவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார். நாள் தவறாமல் நோன்பு. விடியும் முன் சஹர் சாப்பாட்டைப் பணியாள் கொண்டுவந்து வைத்தால் பாதிநாள் அப்படியே இருக்கும். இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு என்னாகும் என்று கேட்டால் அழுதுவிடுவாராம். பள்ளிவாசல் மூலையிலும் கடைத் திண்ணையிலும் எத்தனையோ பேர் பசியோடு தூங்குகிறார்கள், இது எப்படி என் தொண்டையில் இறங்கும் என்பாராம்.

ராஜாவுக்கு இதில் என்ன தொந்தரவு என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த வாசலில் பிச்சைக்காரர் மட்டும் நிற்கவில்லை. சிப்பாய், வியாபாரி, அரண்மனை அதிகாரி எல்லோரும் நின்றார்கள். அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவே அவருடைய சீடர். நகரத்துக்குள் இன்னொரு தர்பார் நடக்கிறது, அதற்குக் காவல்படை இல்லை, கஜானா இல்லை, ஆனால் கூட்டம் இருக்கிறது. எந்த ஆட்சியாளருக்குத் தூக்கம் வரும்?

அலாவுதீன் கில்ஜி நேரில் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இவர் சொன்ன பதில் பிரபலம். என் வீட்டுக்கு இரண்டு வாசல், சுல்தான் ஒன்றின் வழியாக வந்தால் நான் மற்றதன் வழியாகப் போய்விடுவேன். பின்னால் வந்த சுல்தான் குத்புதீன் முபாரக் ஷா மாதாமாதம் அரண்மனைக்கு வந்து தலைகாட்டச் சொன்னார். இவர் போகவில்லை. 1320இல் குஸ்ரோ கான், கவிஞர் குஸ்ரோ இல்லை, இவர் வேறு, அந்த சுல்தானைக் கொன்று அரியணை ஏறினார். ஏறியதும் ஊரிலிருந்த ஷேக்குகளுக்கெல்லாம், அதாவது சூஃபி குருமார்களுக்கெல்லாம், பணத்தை வாரி இறைத்தார். நிஜாமுதீனுக்கு வந்தது ஐந்து லட்சம் தங்கா நாணயம். வந்த கையோடு ஏழைகளுக்குப் போய்விட்டது. சில மாதத்தில் கியாஸுதீன் துக்ளக் ஆட்சியைப் பிடித்தார், கஜானா காலி, கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். பத்திரமாக வைத்திருந்தவர்கள் திருப்பினார்கள். இவரிடம் திருப்ப என்ன இருக்கிறது? பகை முற்றியது அங்கேதான். வங்காளப் படையெடுப்பு முடிந்து திரும்பும் சுல்தானைப் பற்றி “டெல்லி இன்னும் தூரம்” என்று இவர் சொன்னார் என்பார்கள். அந்த வசனம் பிற்கால நூல்களில்தான் பரவுகிறது. நடந்தது இது: டெல்லிக்குப் பக்கத்தில் வரவேற்புக்காகக் கட்டிய மரமண்டபம் சரிந்து 1325இல் சுல்தான் இறந்தார். அதே ஆண்டில் நிஜாமுதீனும் காலமானார்.

நான் சொல்ல வந்ததே இதற்குப் பிறகுதான். உயிரோடு இருந்தவரை அவருக்கு இரண்டாவது வாசல் இருந்தது. கல்லறைக்கு ஏது இரண்டாவது வாசல்? யார் வந்தாலும் எழுந்து போக முடியாது. வந்தார்கள். அடுத்த சுல்தான் முகமது பின் துக்ளக் அந்த அடக்கத்தின் மேல் கட்டடம் எழுப்பினார். 1327 வாக்கில் தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றியபோது சூஃபிகளையும் தக்காணத்துக்குக் கிளப்பினார். எல்லோரும் மனமுவந்து போகவில்லை. அப்படிப் போனவர்கள் அடங்கிய குல்தாபாத்தில்தான், 1707இல் இறந்த ஔரங்கசீப்பும் ஒரு சூஃபியின் காலடியில் புதைக்கப்பட்டார். மகன் பிறந்த நன்றிக்காக அக்பர் 1570இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்காவுக்கு நடந்தே போனார். நம் நாகூர் தர்காவில் 131 அடி உயர மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங். இதெல்லாம் பக்திதான், சந்தேகமில்லை. பக்தியோடு கணக்கும் இருந்தது.

கல்லறைக்குக் காவலாக வாரிசுகள் வந்தார்கள். குருவின் பீடத்தில் உட்காருகிறவரை சஜ்ஜாதா நஷீன் என்பார்கள். உப்புக் கடனை ஏற்காத பாபா ஃபரீதின் வாரிசுகள் பாக்பத்தனில் பெரிய நிலக்கிழார்கள் ஆனார்கள். 18ஆம் நூற்றாண்டில் சொந்தப் படை வைத்துக் கிட்டத்தட்ட ஒரு சிற்றரசே நடத்தினார்கள். வெள்ளைக்காரன் வந்தபோது பஞ்சாப் கிராமத்தைப் பிடித்துவைக்க இப்படிப்பட்ட பீர், அதாவது சூஃபி குரு, குடும்பங்கள் தோதாக இருந்தன, பட்டமும் நிலமும் கொடுத்தான். நெடுநாள் பஞ்சாபின் நிலக்கிழார் கட்சியான யூனியனிஸ்ட் கட்சிப் பக்கம் இருந்த பீர்களில் பலர் 1946 தேர்தலில் பாகிஸ்தான் கேட்ட முஸ்லிம் லீக் பக்கம் சாய்ந்தார்கள். முரீத்களுக்கு, அதாவது சீடர்களுக்கு, பீர் சொன்னால் அது வெறும் பிரசாரம் இல்லை, வாக்கு. லீக் ஜெயித்ததற்கு அது மட்டுமே காரணம் இல்லை என்றாலும், அது இல்லாமல் பஞ்சாப் கிராமங்கள் அப்படித் திரும்பியிருக்காது என்பது என் எண்ணம். 1959இல் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் தர்கா சொத்துகளை அரசு நிர்வாகத்தில் எடுத்தார். உண்டியல் அரசிடம் போனது, செல்வாக்கு குடும்பத்திடமே தங்கியது. பாகிஸ்தான் பஞ்சாபின் முல்தான் நகரைப் பாருங்கள். 2008இல் பாகிஸ்தான் பிரதமரான யூசுஃப் ரஸா கிலானியும் பீர் குடும்பம், அவருடைய வெளியுறவு அமைச்சர் ஷா மஹ்மூத் குரேஷியும் பீர் குடும்பம்.

வாரிசுகள்தான் கெடுத்தார்கள், மூலவர்கள் எல்லாம் அரசனை ஒதுக்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குரேஷி குடும்பம் யாருடைய பீடத்துக்கு வாரிசோ அந்த பஹாவுதீன் ஸகரியா, 13ஆம் நூற்றாண்டிலேயே வெளிப்படையாக சுல்தான் இல்துத்மிஷ் பக்கம் நின்றவர். தானியக் களஞ்சியம் வைத்திருந்தார். மடியில் பணம் இருந்தால் என்ன, மனசில் இல்லாமல் இருந்தால் சரி என்பது அவர் சேர்ந்த சுஹ்ரவர்தி என்ற சூஃபி வழியின் வாதம். சுல்தானிடம் ஏழைக்காகப் பரிந்து பேச அது உதவியும் இருக்கிறது.

சரி, ஜோக் என்ற ஊருக்கு வருவோம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கிறது. ஷா இனாயத் என்ற சூஃபி அங்கே சீடர்களைச் சேர்த்து நிலத்தைப் பொதுவில் உழவைத்தார். விளைச்சலை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். உழுதவன் உண்ணட்டும் என்பது அவர் பேரில் இன்றும் சிந்தில் முழங்குகிற வாசகம். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் பண்ணையை விட்டு ஜோக் ஊருக்கு நகர ஆரம்பித்தார்கள். ஜமீன்தார்கள் கொதித்தார்கள். முதலில் புகார் சொன்னவர்களில் புல்ரி சையத்களும் உண்டு. அவர்கள் யார்? ஷா கரீம் என்ற இன்னொரு சூஃபியின் வழித்தோன்றல்கள்! முகலாய ஆளுநரும் சிந்தின் உள்ளூர் ஆட்சிக் குடும்பமான கல்ஹோராக்களும் படையோடு வந்து மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். ஊரைப் பிடிக்க முடியவில்லை. குர்ஆன் மேல் சத்தியம் செய்து சமாதானம் பேச அழைத்தார்கள், நம்பிப் போனவரை 1718 ஜனவரியில் தலை வெட்டினார்கள்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

நிஜாமுதீன் கடைசி நாட்களில் படுத்திருக்கிறார். மடத்தில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடச் சொன்னார். பணியாள் இக்பால், மடத்துத் தர்வேஷ்களுக்கு, அதாவது துறவிகளுக்கு, வேண்டுமே என்று தானியத்தை மட்டும் நிறுத்திவைத்தார். தெரிந்ததும் பெரியவருக்குக் கோபம். ஊரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லி, அள்ளிக்கொண்டு போகச் சொல்லி, தரையைக் கூட்டவும் சொன்னார். சீடர்கள் கலங்கிவிட்டார்கள். நீங்கள் போனபிறகு நாங்கள் எப்படிப் பிழைப்போம்? என் அடக்கத்துக்கு வருகிற காணிக்கை உங்களுக்குப் போதும் என்றார். அதை எங்களுக்குள் யார் பங்கு போடுவது என்று ஒருவர் கேட்டார்.

யார் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாரோ அவர் என்றாராம்.