யாரை முதலில் பார்ப்பாய்?

நேயர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் உப்புவெளியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "மிஸ், மகள் ஒரு வருஷ நர்சிங் கோர்ஸ் முடிச்சிட்டாள். கனடாவில நர்ஸ் வேலை எடுக்கலாமோ?" பாயாசம் ஆறிப்போனது, நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. நர்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் நாலைந்து வேலைகளைப் போட்டு வைத்திருக்கிறோம், அதுதான் சிக்கல். அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் என்று ஒரு படி இருக்கிறது. பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதே ஆளை வொகேஷனல் நர்ஸ் என்பார்கள். அதற்கு மேலே பதிவுபெற்ற தாதி, அதாவது ஆர்.என்.: இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு அல்லது நான்கு வருடப் பட்டம். இரண்டு படிக்கும் உரிமம் உண்டு, தேர்வு வேறு வேறு. கனடாவின் ஒன்ராறியோவில் பிராக்டிகல் நர்ஸ் படிப்பே இரண்டு வருட டிப்ளோமா. அங்கே புதிதாக ஆர்.என். ஆக வருபவருக்கு 2005 முதல் பட்டம் கட்டாயம்.

கீழ்ப்படியில் இருப்பவர் மேலே ஏற இருக்கும் வழியை 'பிரிட்ஜிங்' என்கிறார்கள். ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்து, நடுவிலிருந்து தொடங்க விடுவார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னர் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் எல்லாம் தேறியிருக்க வேண்டும். பிரிட்ஜிங் என்று கேட்டதும் எனக்குத் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாப் பாலம்தான் நினைவு வரும். 2009இல் அது திறக்கும்வரை மூதூர்ப் பக்கமிருந்து அந்த வழியாக வரும் நோயாளி 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் களப்பைக் கடக்க வேண்டும். பாலம் வந்து பயணம் குறுகியது. ஆனாலும் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமே!

சரி, ஊசி போடவும் சேலைன் மாற்றவும் காயம் கட்டவும் பத்து வருடமாகப் பழகிய ஒருவருக்கு அந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் அவர் கட்டிலில் புரளத் தொடங்குகிறார். நாடித்துடிப்பு 88இலிருந்து 118. இரத்த அழுத்தம் இன்னும் விழவில்லை. "நோகுது, ஒரு ஊசி போடுங்கோ" என்கிறார். அனுபவமுள்ள பிராக்டிகல் நர்ஸ் நாடியை அளந்து, எழுதி, மேலே அறிவிப்பார். அவருடைய கடமை சரியாக முடிந்தது. பதிவுபெற்ற தாதியின் கடமை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த அமைதியின்மை வலியாலா, உள்ளே இரத்தம் கசிவதாலா, ஒட்சிசன் குறைவதாலா? வலி ஊசியை முதலில் போட்டால் அடுத்த அரை மணித்தியாலத்துக்கு உண்மை மறைந்துவிடும். காயத்தின் கட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் காய்ந்திருந்தாலும் இரத்தம் முதுகுக்கு அடியில் வழிந்திருக்கலாம், ஆகவே அங்கேயும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும், சிறுநீரின் அளவைப் பார்க்க வேண்டும். டொக்டரை இப்போதே எழுப்புவதா, பதினைந்து நிமிடம் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பிழையானால் பொறுப்பும் அவருடையதே.

இதனால்தான் நோயாளியை மதிப்பிடுவதையும், நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதையும், சிகிச்சை பலித்ததா என்று பார்ப்பதையும் ஆர்.என். வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று அங்கே பாடமே நடத்துகிறார்கள். உரிமத் தேர்வும் அதே போக்கில்தான். என்க்ளெக்ஸ் என்று பெயர், கணினித் தேர்வு. இப்போதைய முறையில் குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150. உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி கூட்டும், குறைக்கும். நான்கு நோயாளியைச் சொல்லி, "யாரை முதலில் பார்ப்பாய்?" என்று கேட்கும். நீண்ட கால அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. எங்கள் வார்டில் இப்படித்தான் செய்வோம் என்று கை முந்திக்கொள்ளும். பழகிய கையை அடக்கி வைப்பது புதிதாகப் படிப்பதைவிடச் சிரமம்.

குறுக்கு வழி தேடியவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பெரிய மோசடி பிடிபட்டது. மூன்று தாதியர் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலி டிப்ளோமாக்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களில் பலர் உரிமத் தேர்விலும் தேறிவிட்டார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் செய்தி. வார்டில் கழிக்க வேண்டிய பயிற்சி நேரம் இல்லாமலே ஒருவர் வார்டுக்குள் வந்து நிற்கிறார்!

எங்கள் நாட்டுக்கு வருவோம். அரச சேவையில் தாதியாக வர வழக்கமான வழி, உயர்தரம் சித்தியடைந்து மூன்று வருடப் பயிற்சிக்குத் தெரிவாவது. வார்டில் இருபது வருடம் ஓடியாடிய அட்டென்டன் அம்மாவுக்கு, அந்த அனுபவம் ஒரு பாடத்துக்குக்கூடக் கணக்கில் வராது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டம் தருகிறது. அதுவும் ஏற்கெனவே தாதியாக இருப்பவருக்கான ஏணி. கீழே நிற்பவருக்கு முதற்படியே இல்லை.

அந்தத் தாய்க்கு என்னுடைய பதில் இது. அம்மா, மகளின் சான்றிதழை எடுத்துக்கொண்டு மூன்று விஷயம் கேளுங்கள். இலங்கைத் தாதியர் சபையில் பதிய இது செல்லுமா? போக நினைக்கும் மாகாணத்தின் தாதியர் ஒழுங்குமுறை அமைப்பு இதை எந்தப் படியில் வைத்துப் பார்க்கும்? மேற்படிப்பில் இதில் எவ்வளவைக் கணக்கில் எடுப்பார்கள்? பதிலை முகவர் வாயால் கேட்க வேண்டாம். அந்த அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள். காசு கட்டுவது அதற்குப் பிறகு.

என் அக்காவின் மகள் ரொறன்ரோவில் பிராக்டிகல் நர்ஸ். பகலில் பிரிட்ஜிங் வகுப்பு, கிழமையில் மூன்று இரவு வேலை. அவள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இங்கே பொழுது சாயும். நான் கடற்கரையில் நடந்துகொண்டிருப்பேன், போன் அடிக்கும். "சித்தி, நாலு நோயாளி. யாரை முதல்ல பார்ப்பீங்க?" முப்பது வருடம் வார்டில் நின்றவள் என்ற தைரியத்தில் உடனே பதில் சொல்லிவிடுவேன். போன கிழமை கேட்ட மூன்றில் இரண்டு பிழை. அடுத்தது கேட்க வாயெடுத்தாள், பஸ் வந்துவிட்டது.