தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு

வணக்கம் நேயர்களே.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் வாசலிலேயே ஒரு மேஜை இருக்கும். அதன்மேல் கூட்டத் தீர்மானங்களை எழுதும் ஒரு நோட்டு, ஒரு பேனா. உள்ளே நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். என்ன பேசப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே பெற்றோர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தாகிவிட்டது.

ஆசிரியையாக இருந்த வருடங்களில் அந்த நோட்டை எழுதும் வேலை என்னுடையது. ஒரு கூட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தேர்ச்சி விகிதம், சுவருக்குப் பெயின்ட், ஆண்டு விழா என்று தலைமையாசிரியர் வாசித்து முடித்தார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்த ஒரு தாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "எம்பொண்ணு காலையில வந்தா வீடு திரும்புற வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல டீச்சர். கக்கூஸ் கதவுல தாழ்ப்பா இல்லையாம்."

நான் தலையாட்டினேன். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் "பெற்றோர் முழு ஒத்துழைப்பு அளிப்பதாக உறுதி கூறினர்" என்று எழுதி மூடினேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஆணித் துளைகள். உள்பக்கம் ஒரு கயிற்றுத் துண்டு. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போய், ஒருத்தி வெளியில் நின்று கதவைப் பிடித்துக்கொள்வார்களாம். துணைக்கு ஆள் கிடைக்காத பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும்.

அந்தத் தாழ்ப்பாளைப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகத்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகத்தில் இடம் தர வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. நியூசிலாந்தில் 1989-ல் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தனி நிர்வாகக் குழு வந்தது. பெற்றோர் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். தலைமையாசிரியரை நியமிப்பதே அந்தக் குழுதான். அதே ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பள்ளிகளிலும் உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களுக்கு முதல் தேர்தல் நடந்தது. ஆறு பெற்றோர், இரண்டு ஆசிரியர், ஊர்க்காரர் இரண்டு பேர், தலைமையாசிரியர். அங்கேயும் தலைமையாசிரியரைத் தேர்வு செய்யும் அதிகாரம் குழுவுக்குத்தான். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குழுவின் வேலை என்ன? பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. ஆசிரியர் நியமனத்தில் அதற்குப் பங்கில்லை. ஆள் கணக்கில் பெற்றோர் கை ஓங்கியிருக்கிறது, அதிகாரத்தில் அப்படி இல்லை.

சரி, அதிகாரம் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. நியூசிலாந்திலேயே வசதியான பகுதிப் பள்ளிகளுக்கு வக்கீலும் கணக்காளரும் உறுப்பினராகக் கிடைத்தார்கள். ஏழைப் பகுதிகளில் குழுவுக்கு ஆள் சேர்ப்பதே பெரும் பாடானது. குழுக்களின் பொறுப்பில் பெரும்பகுதியை வட்டார அமைப்புகளுக்கு மாற்றலாம் என்று 2018-ல் ஒரு பணிக்குழு யோசனை சொன்னது, அரசு அதை அப்படியே ஏற்கவில்லை. கஷ்டப்படுகிற பள்ளிக்கு அதிகாரத்தோடு ஆளும் பணமும் பயிற்சியும் சேர்ந்து போக வேண்டும். வெறும் அதிகாரத்தை இறக்கிவைத்துவிட்டு, "இனி உங்கள் பாடு" என்று அரசு விலகிக்கொள்ளக் கூடாது. எத்தனையோ இடங்களில் குழு என்பதே பெற்றோரிடம் நன்கொடை கேட்கும் வழியாகிவிடுகிறது. அரசு செய்ய வேண்டிய செலவை ஏழைப் பெற்றோர் தலையில் கட்டுவது அநியாயம்.

அப்புறம் ஒரு பேச்சு. ஆசிரியர் அறையில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். "கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க, அக்கறை இல்லை." வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால், தினக்கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? வந்தால் அன்றைய கூலி போச்சு. வந்தவர் கையில் வரவு செலவுத் தாளைக் கொடுக்கிறோம். நிதி ஒதுக்கீடு, முன்னிருப்பு, தணிக்கைத் தடை என்று இருக்கும். அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவரே இரண்டு முறை படிக்க வேண்டிய தாள் அது. படிக்க முடியாதவர் சும்மா உட்கார்ந்திருந்தால், சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். அதை அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளையும் கேட்க வேண்டும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளில், ஆட்சிக் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களை யார் கேட்பது? எங்கள் பள்ளியில் அந்தத் தாழ்ப்பாள் விஷயம் முதலில் தெரிந்தது எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான்.

அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் சொல்லி வரிசையை மாற்றினோம். கூட்டம் சாயங்காலம். நோட்டு என் மடியில். முதலில் பெற்றோர் பேச்சு, பிறகுதான் அறிக்கை. கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டார். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். கடைசியில் நோட்டை நீட்டியபோது இரண்டு மூன்று பேர் உடனே கையெழுத்துப் போடவில்லை. முந்தின பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து, வரி வரியாக வாசித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் பேனாவை வாங்கினார்கள்.

நன்றி, வணக்கம்.