கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல்

அவையோருக்கு வணக்கம். நாம் இப்போது பார்த்து முடித்த 'வீடியோட்ரோம்' 1983 பிப்ரவரியில் வெளிவந்தது. டேவிட் குரோனன்பர்க் தம் ஊரான டொரன்டோவிலேயே எடுத்த படம். திகில் படம் என்றால் பேய்க்குக் காத்திருப்போம். இங்கே தொலைக்காட்சிப் பெட்டி மூச்சு விடுகிறது, அதன் மேல் நரம்பு புடைக்கிறது. இந்தச் சிறப்பு ஒப்பனைகளைச் செய்த ரிக் பேக்கரின் கைவண்ணத்தைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். நான் நிக்கி பிராண்டாக நடித்த டெபி ஹாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவர் 1974இல் நியூயார்க்கில் உருவான பிளாண்டி இசைக்குழுவின் பாடகி. அவர்களுடைய 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' பாடல் 1979இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அவருடைய பொன்னிறத் தலைமுடியைக் கண்டு லாரி ஓட்டுநர்கள் கூவியழைத்த சொல்லே குழுவின் பெயராயிற்று. படத்தில் அந்தப் பொன்னிறம் இல்லை, முடி செம்பழுப்பாகிவிட்டது. பாட்டும் இல்லை. ஒரு வரிகூட அவர் பாடவில்லை. இசை ஹோவர்ட் ஷோருடையது. உலகம் அறிந்த இரண்டையும் கழற்றிவைத்துவிட்டு வந்தவரிடம் எஞ்சியிருந்தது பேச்சுக்குரல்தான். நிக்கியை வானொலித் தொகுப்பாளராக்கியது எவ்வளவு பொருத்தம்!

முதன்முறை பார்த்தபோது எனக்குக் கோரக்காட்சிகள் மட்டுமே நினைவில் நின்றன. மறுமுறை சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒலிபரப்பு அறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தொலைபேசியில் ஒரு பெண் அழுகிறாள். நிக்கி அவளைத் தேற்றுகிறாள். அவள் குரல் உயரவுமில்லை, உருகவுமில்லை. சிறிய தொலைக்காட்சி நிலையத்தை நடத்தும் மேக்ஸ், அதாவது ஜேம்ஸ் வுட்ஸ், கண்ணாடிக்கு வெளியே நின்று அவளையே பார்க்கிறான். அப்போதே இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வந்துவிட்டது. அதே நிதானத்தோடுதான் பின்னர் அவள் சிகரெட்டால் தன் உடலைச் சுட்டுக்கொள்கிறாள். முகத்தில் அலறல் இல்லை. அந்தக் காட்சியில் என்னை நடுங்க வைத்தது நெருப்பைவிட அந்த அமைதிதான்.

பாதியிலேயே காணாமல் போகும் பாத்திரம், நடிக்க இடமில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. படத்தில் வரும் பேராசிரியர் ஓப்ளிவியன் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து மட்டுமே பேசுவார்; டொரன்டோவில் பாடம் நடத்திய ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூஹனின் சாயல் அவருக்கு உண்டு. பேட்டி நிகழ்ச்சியில் அந்தப் பெட்டியோடு சேர்ந்து, சிவப்பு உடையில், உயிரோடு உட்கார்ந்திருப்பவள் நிக்கி. பிறகு அவளும் பெட்டிக்குள் போய்விடுகிறாள். திரை முழுவதும் அவள் உதடுகள். ரப்பர்த் திரையைப் பின்னாலிருந்து காற்றால் உப்பச் செய்து எடுத்த காட்சி அது; வுட்ஸ் அதில் முகத்தைப் புதைத்தார். கோடிக்கணக்கானோர் பிம்பமாக மட்டுமே அறிந்த ஒரு பெண் பிம்பமாகிவிட்ட பெண்ணாக நடிக்கிறார். தம் புகழையே இப்படிக் கருவியாக எடுத்துக் கொடுக்க மிகுந்த துணிச்சல் வேண்டும். படம் வசூலில் தோற்றது. அந்தத் துணிச்சலை அன்று அதிகம் பேர் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். கைவிடப்பட்ட கப்பலுக்குள் மேக்ஸ் தனியே இருக்கிறான். தொலைக்காட்சியில் நிக்கி தோன்றுகிறாள். சாவு முடிவல்ல, வழிகாட்ட வந்திருக்கிறேன் என்கிறாள். அங்கே குரலைக் கவனித்தீர்களா? வானொலியில் அழுத பெண்ணைத் தேற்றினாளே, அதே குரல். ஒரு இழைகூட மாறவில்லை. அந்தக் குரலை நம்பித்தான் அவன் துப்பாக்கியை நெற்றிப்பொட்டுக்கு உயர்த்துகிறான்.